கோப்பில் ஏறிய குத்துவிளக்கு

(முதுகலை வரலாறு முதலாமாண்டு மாணவன் எழுதியது)

விண்ணப்பப் படிவம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவன பெயர், பிறந்த தேதி, தந்தை பெயர், தந்தையின் தொழில், சாதி, மதிப்பெண், ஒரு புகைப்படம் ஆகிய இவ்வளவுதான். பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு நம் கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது நானும் இவற்றைத்தான் சொன்னேன். கணினி மையத்து அண்ணன் ஒருவர் கேட்கக் கேட்க, நான் சொல்லச் சொல்ல, அவர் தட்டிக்கொண்டே போனார். "அப்பா என்ன வேலை?" என்றார். ஒரு கணம் தயங்கிவிட்டு, "கூலி" என்றேன். அது பொய்யன்று. அப்பா பட்டறையில் வாரக் கூலிக்குத்தான் வேலை செய்கிறார். ஆயினும் அந்தத் தயக்கம் என் மனத்தில் ஒரு மூலையில் தங்கிவிட்டது. அதைப்பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் ஊர் நாச்சியார்கோயில். கும்பகோணத்திலிருந்து திருவாரூர் போகும் சாலையில் சுமார் பத்துக் கிலோமீட்டர். கல் கருடனைச் சேவிக்க வருகிறவர்களுக்கு ஊரைத் தெரியும். குத்துவிளக்கு வாங்க வருகிறவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். புவிசார் குறியீடு பெற்ற விளக்கு எங்களுடையது என்று கடைப்பலகைகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகைகளுக்குப் பின்னால், கூரை தாழ்ந்த பட்டறைகளில், செம்பும் துத்தநாகமும் உருகுகின்றன. காவிரியின் வண்டல் மண்ணில் அச்சைப் பதித்து எடுத்து, அந்தப் பள்ளத்தில் உருகிய பித்தளையை ஊற்றுவார்கள். பாதம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அமரும் அன்னம் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக வார்க்கப்படும். பிறகு அரத்தால் பிசிறு நீக்கி, கடைசல் பிடித்து, மரை போட்டு, ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகி நிறுத்தினால் விளக்கு. அப்பாவின் வேலை வார்ப்பு. பள்ளி விடுமுறைகளில் துருத்தி ஊதவும் மண் சலிக்கவும் நானும் போவேன். உலைக்கருகே நின்று நின்று அவருடைய முன்கைகளில் மயிர் கிடையாது. சிறு வயதில் எல்லா அப்பாக்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

இளங்கலை மூன்றாமாண்டின் தொடக்கத்தில், நூலகத்தில் ஒரு பழைய வார இதழைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தைப் பற்றிப் படித்தேன். வரலாறு படித்தவனும் அங்கே முதுகலை வடிவமைப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்று தெரிந்தது. அதைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த நிறுவனம் பிறந்த கதை. 1958-ல் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதியரை நம் அரசு அழைத்தது. அவர்கள் நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஓர் அறிக்கை எழுதினார்கள். அதனை அடியொற்றி 1961-ல் நிறுவனம் எழுந்தது. அவ்வறிக்கையில் அவர்கள் மிகவும் வியந்து எழுதியிருப்பது தாஜ்மகாலை அன்று, தண்ணீர்ச் செம்பை. நம் வீட்டுக் கொல்லைப்புறத்தில் கவிழ்ந்து கிடக்குமே, அதே செம்பை! எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், இடுப்பில் எப்படி அமர வேண்டும், ஊற்றும்போது எப்படிச் சாய வேண்டும், தட்டினால் என்ன ஓசை வரும் என்றெல்லாம் அதைச் சுற்றிச் சுற்றிக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். பித்தளைப் பட்டறைக்காரன் மகனுக்கு இதைவிட வேறு அழைப்பு வேண்டுமா? விண்ணப்பித்துவிட்டேன்.

அந்த நிறுவனத்தில் இடம் கிடைப்பது எளிதன்று. முதலில் ஒரு முதனிலைத் தேர்வு. அதில் தேறியவர்களுக்கு முதன்மைத் தேர்வு. அதில் கையால் செய்து காட்டும் சோதனையும் உண்டு, நேர்முகமும் உண்டு. நேர்முகத்துக்குப் போகிறவர்கள் தங்கள் படைப்புகளைத் தொகுத்து ஒரு கோப்பாகக் கொண்டுபோக வேண்டும். வடிவமைப்புத் துறையினர் இதனைப் போர்ட்போலியோ என்கிறார்கள். ஒன்றை மட்டும் நம்பக்கூடாது என்று வேறொரு கல்லூரிக்கும் விண்ணப்பித்தேன். அவர்கள் இத்துடன், "ஏன் இப்படிப்பைத் தேர்ந்தெடுத்தாய்?" என்று விளக்கும் ஒரு கடிதமும், ஆசிரியர் ஒருவரின் பரிந்துரையும் கேட்டார்கள். மதிப்பெண் பட்டியலுக்கு அப்பால் நம்மைப்பற்றி நாமே சேர்த்துக் கொடுக்க வேண்டிய இந்தத் துணைச் சரக்குகள்தாம் அவ்வாண்டு என்னைப் பாடாய்ப் படுத்தின.

முதனிலைத் தேர்வு சென்னையில் நடந்தது. அதில் எப்படியோ தேறினேன். அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கோப்புதான் கதை.

முதலில் நான் என்ன செய்தேன் என்றால், பரணிலிருந்து என் சாதனைகளையெல்லாம் இறக்கினேன். பென்சிலால் வரைந்த நடிகர் படங்கள் ஏழு. நாட்காட்டியைப் பார்த்து வரைந்த சரசுவதி ஒன்று. பள்ளியில் சுற்றுச்சூழல் நாளுக்கு வரைந்த சுவரொட்டி (பூமிப் பந்து அழுகிறது, ஒரு மரம் அதன் கண்ணீரைத் துடைக்கிறது). சான்றிதழ்கள் பதினான்கு; அவற்றுள் ஒன்று மெதுமிதிவண்டிப் போட்டிக்குக் கிடைத்தது. எல்லாவற்றையும் வண்ண நகல் எடுத்து, பளபளக்கும் நெகிழித் தாள்களுக்குள் செருகி, முகப்பில் என் பெயரைத் தங்க நிறத்தில் அச்சிட்டேன். செலவு 640 ரூபாய். தங்கை தன் உண்டியலிலிருந்து 200 கொடுத்தாள்.

எங்கள் துறைப் பேராசிரியர் அம்மையாரிடம் பெருமையோடு கொண்டுபோய்க் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். மெதுமிதிவண்டியில் சற்று நின்று சிரித்தார். கடைசித் தாளையும் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இதுல நீ எங்கேப்பா இருக்கே?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. தங்க எழுத்தில் என் பெயர் இருக்கிறதே என்று சொல்ல நினைத்தேன், நல்லவேளை, சொல்லவில்லை. அவர் என்னை உட்காரச் சொல்லி, நம் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவரைப்பற்றிப் பேசத் தொடங்கினார். அந்த மாணவர் யார் என்பதை நம் கல்லூரி இதழில் எழுதவும் வேண்டுமோ? 1904-ல் இங்கே சேர்ந்த இராமானுஜன், கணிதம் தவிர மற்றப் பாடங்களைக் கவனியாததால் உதவித்தொகையை இழந்தார். கடைசிவரை இங்கே பட்டம் பெறவில்லை. பட்டம் இல்லாத அவர் கையில் இருந்தது நோட்டுப் புத்தகம். 1910 வாக்கில் இராமசாமி ஐயரிடமும், பிறகு நெல்லூர் கலெக்டர் இராமச்சந்திர ராவிடமும் வேலைக்காக அவர் கொண்டுபோய்க் காட்டியது அந்த நோட்டுகளைத்தான். 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், தாம் சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு 20 பவுன் சம்பளத்தில் எழுத்தராக இருப்பதை ஒளிக்காமல் சொல்லிவிட்டு, நூற்றுக்கு மேற்பட்ட தேற்றங்களை உடன் வைத்தார்.

இதுவரை எல்லோருக்கும் தெரியும். அம்மையார் எனக்குச் சொன்னது அதற்கு அடுத்தது. ஹார்டி வியந்தார், வியந்துவிட்டு, நிறுவல்கள் எங்கே என்று கேட்டு எழுதினார். முடிவுகள் மட்டும் போதவில்லை அவருக்கு. எப்படி இங்கே வந்து சேர்ந்தாய் என்பதைக் காட்டு என்றார். "இராமானுஜன் கிட்டயே கேட்டிருக்காங்க. உன்கிட்ட கேட்க மாட்டாங்களா? முடிஞ்ச படத்தை விடு. முடியாம கெட்டுப் போனது ஏதாச்சும் வெச்சிருக்கியா?" என்றார்.

இருந்தது. அதைக் கோப்பில் வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

இரண்டாமாண்டு படிக்கையில் எங்கள் அத்தை குடும்பத்தோடு திருப்பூருக்குக் குடிபெயர்ந்தார். பனியன் கம்பெனியில் வேலை. ஒற்றை அறையில் குடித்தனம். கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்த பெரிய விளக்கை அங்கே கொண்டுபோக முடியவில்லை. எங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டு, "அங்கே நிறுத்த இடமில்லே. ஊருக்கு வரும்போது ஏத்திக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல் என்னை உறுத்தியது. ஒரு சாண் உயரத்தில், பயணத்தில் கொண்டுபோகும்படியான ஒரு விளக்கை வரைந்தேன். பாதம் ஒரு கிண்ணம் போல இருக்கும். விளக்கைக் கழற்றினால் தண்டும் தட்டும் அன்னமும் அந்தக் கிண்ணத்துக்குள் அடங்கிவிடும். துணியில் சுற்றி டிபன் பெட்டி போல எடுத்துப் போகலாம்.

படம் அழகாகத்தான் இருந்தது. தண்டின் கழுத்தைச் சுண்டுவிரலைவிட மெல்லியதாக, ஆறு மில்லிமீட்டராக வரைந்திருந்தேன். அப்பா படத்தை வாங்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் முதலாளியிடம் கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சப் பித்தளையில் வார்த்துக் கொடுத்தார். மண்ணை உடைத்தபோது தண்டு பாதியில் நின்றிருந்தது. அவ்வளவு மெல்லிய பள்ளத்தில் உலோகம் ஓடி முடிப்பதற்குள் இறுகிவிடும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அடுத்த முறை சற்றுத் தடிப்பாக்கினோம். வார்ப்பு வந்தது, மரை போடும்போது கழுத்து துண்டாகிவிட்டது. "மரைக்கு இடம் விட வேண்டாமா?" என்றார் அப்பா. மூன்றாம் முறை என்னைக் கேட்காமலேயே கழுத்தைப் பத்து மில்லிமீட்டராக்கி, பாதத்தையும் சற்று அகலப்படுத்தினார். விளக்கு நின்றது. அத்தைக்கு அனுப்பினோம். இரண்டாவதாக ஒன்று செய்து வீட்டில் வைத்துக்கொண்டோம். உடைந்த இரண்டும் உருக்குச் சட்டிக்குப் போகாமல் எப்படியோ ஜன்னல் மாடத்தில் தங்கியிருந்தன.

நடிகர்களையும் சரசுவதியையும் பரணுக்கே திருப்பி அனுப்பினேன். புதுக் கோப்பு பதினாறு பக்கம். முதல் பக்கத்தில் அத்தையின் அறையை அளந்து வரைந்த படம். பிறகு என் முதல் வரைபடங்கள், அடித்தல் திருத்தல்களோடு. பிறகு நின்றுபோன வார்ப்பு, ஒடிந்த கழுத்து, நிமிர்ந்த விளக்கு. புகைப்படங்களை எங்கள் வீட்டுத் திண்ணையில் காலை ஒன்பது மணி வெயிலின் நிழற்பக்கத்தில் எடுத்தேன். பித்தளையை நேர் வெயிலில் எடுத்தால் கண்தான் கூசும். அளவு தெரிவதற்காக ஒவ்வொரு படத்திலும் ஒரு தீப்பெட்டியை வைத்தேன். இவ்வளவும் எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. பதினோராம் பக்கத்தில் முழு விளக்கின் படம். அதன் கீழே ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு எழுதினேன்: என் வடிவமைப்பு, உள்ளூர்க் கைவினைஞர் ஒருவரின் உதவியுடன் செய்யப்பட்டது. இணையத்தில் பார்த்த நல்ல கோப்புகளிலெல்லாம் அப்படித்தான் எழுதியிருந்தார்கள்.

அன்றிரவு அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தங்கை பத்தாம் வகுப்பு. ஆங்கிலத்தை எங்கே கண்டாலும் உரக்கப் படித்துப் பொருள் சொல்வது அவளுக்குப் புதுப் பழக்கம். கோப்பைப் பக்கம் பக்கமாக அப்பாவுக்குப் படித்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். பதினோராம் பக்கம் வந்தது. "இது அண்ணன் பண்ணின டிசைன். ஊர்ல இருக்கிற கைவினைஞர் ஒருத்தர் ஒத்தாசையோட செஞ்சதாம்" என்றாள்.

அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "யாருப்பா அந்தக் கைவினைஞர்?" என்று கேட்டார்.

கேலியாகக் கேட்கவில்லை. கோபமாகவும் கேட்கவில்லை. ஊரில் எவரோ ஒருவரிடம் நான் உதவி வாங்கியிருக்கிறேன், அது யார் என்று உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அடுத்த நொடியே அவருக்கும் புரிந்துவிட்டது. "ஓகோ" என்றார். மோரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, கை கழுவி, திண்ணைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். தங்கை கோப்பை மூடி என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அன்றிரவு எனக்கு நினைவு வந்தது அந்தக் கணினி மையத்தில் சொன்ன "கூலி".

மறுநாள் காலையில் பட்டறைக்குப் போனேன். அப்பா மூசையை உலையில் வைத்துக்கொண்டிருந்தார். "அப்பா, அந்த விளக்குல எது யார் செஞ்சது, சொல்லுங்க. எழுதணும்" என்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று யாருக்கும் தெரியாது.

அவர் உலையைப் பார்த்தபடியே சொன்னார். "கழுத்துப் பருமன் நான் கண்டுபிடிச்சது இல்லே. அது எங்கப்பா சொன்ன கணக்கு. மரை விழுற இடத்துல சுண்டுவிரல் கனம் குறையக் கூடாதும்பார். பாதம் உயரத்துல பாதிக்குக் குறையக் கூடாதுங்கறதும் அவர்தான். மண்ணுல அச்சுப் பதிச்சது மாமா." பக்கத்தில் மண் சலித்துக்கொண்டிருந்த மாமா தலையைத் தூக்கினார். "கடைசலும் மரையும் கோடி வீட்டு அண்ணன். ஊத்தினது நான்." சற்று நேரம் துருத்தி ஓசை மட்டும் கேட்டது. பிறகு, "கிண்ணத்துக்குள்ளே எல்லாம் அடங்கணும்னு நெனைச்சது நீதான். முப்பது வருசமா ஊத்தறேன், எனக்கு அது தோணலே" என்றார்.

ஈம்ஸ் தம்பதியரின் அறிக்கையில், செம்பை எந்தத் தனி மனிதரும் வடிவமைத்திருக்க முடியாது என்று ஓரிடம் வரும். முதலில் படித்தபோது அழகான வாக்கியம் என்று கோடிட்டு வைத்திருந்தேன். கோடிட்டவன்தான் பதினோராம் பக்கத்தில் "உள்ளூர்க் கைவினைஞர் ஒருவர்" என்று எழுதினான். படிப்பு ஒரு பக்கமும் புத்தி ஒரு பக்கமுமாக இருந்திருக்கிறேன்.

குறிப்பைத் திருத்தி எழுத நான்கு நாள் ஆயிற்று. தாத்தா பெயர், அப்பா பெயர், மாமா பெயர், கடைசல் அண்ணன் பெயர், ஒவ்வொருவரும் செய்தது இன்னது. நான் செய்தது இன்னது. நான் செய்த தவறு இன்னது. அரைப் பக்கத்துக்கு மேல் போய்விட்டது. நண்பன் ஒருவன், "இத்தனை பேர் பேர் போட்டா உனக்கு என்னடா மார்க் மிஞ்சும்?" என்றான். அவன் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. இத்தகைய இடங்களுக்குப் போட்டியிடுவோர் எல்லாரும் தங்களைப் பெரிதாக்கிக் காட்டும்போது நான் மட்டும் என்னைச் சிறிதாக்குகிறேனோ என்று எனக்கும் பயம்தான். பின்னர் அம்மையார் சொல்லித்தான் தெரிந்தது, பலர் சேர்ந்து செய்த வேலையில் தன் பங்கு எது என்று தெளிவாகக் குறிப்பது வடிவமைப்புத் துறையில் ஒழுங்கான வழக்கமே என்று. நான் ஏதோ தியாகம் செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். சரியான முறையில் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான்.

மற்ற இரண்டு தாள்களைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படிப்பின் நோக்கத்தை விளக்கும் கடிதத்தை முதலில் கைப்பேசியில் ஒரு செயலியிடம் கேட்டேன். அரை நிமிடத்தில் எழுதித் தந்தது. சிறு வயது முதலே வடிவங்களின் மீது எனக்குத் தணியாத தாகமாம்! வாசித்தால் எனக்கே என்மேல் மதிப்பு உண்டாயிற்று. அம்மையாரிடம் காட்டினேன். "இவன் யாரு? எனக்குத் தெரியாதே" என்றார். பிறகு அத்தையின் விளக்கைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம் எழுதி, அகராதியை வைத்துக்கொண்டு நானே ஆங்கிலமாக்கினேன். இலக்கணப் பிழைகளை மட்டும் அவர் திருத்தினார், வாக்கியங்களைத் தொடவில்லை.

பரிந்துரைக் கடிதத்துக்கு முதலில் வேறொரு பெரிய மனிதரிடம் போனேன். பெரிய பதவியிலிருப்பவரின் கடிதத்துக்கு எடை அதிகம் என்று எவரோ சொன்னார்கள். எந்த ஊர், எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். "நீயே எழுதிக் கொண்டா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்றார். என்னைப்பற்றி நானே, "இம்மாணவரைப் பல்லாண்டுகளாக அறிவேன்" என்று எழுத உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. இதுவும் அந்தக் கைவினைஞர் விவகாரத்தின் மறுபக்கம்தானே? கடைசியில் அம்மையாரே எழுதினார். அதற்கு முன் என்னை ஒரு மணி நேரம் உட்கார வைத்துக் கேள்விகள் கேட்டார். நான் இரண்டாமாண்டில் எழுதிய தாராசுரம் பற்றிய கட்டுரையைக் கொண்டுவரச் சொன்னார். கடிதம் உறையிட்டு ஒட்டப்பட்டிருந்ததால் அதில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அகமதாபாத்துக்கு அப்பாவும் வந்தார். சென்னையிலிருந்து நவஜீவன் எக்ஸ்பிரஸில் முப்பது மணி நேரத்துக்கு மேல் பயணம். திருப்பதிக்கு வடக்கே அவர் போனதில்லை. விளக்கைக் கழற்றிக் கிண்ணத்துக்குள் அடக்கி, பழைய வேட்டியில் சுற்றி மஞ்சள் பையில் வைத்திருந்தார். உடைந்த வார்ப்புகளையும் நான் சொல்லாமலேயே எடுத்து வைத்திருந்தார். இரவெல்லாம் பை அவர் தலைமாட்டில் இருந்தது. நிறுவனம் சபர்மதிக் கரையில், மரங்கள் அடர்ந்த வளாகம். என்னை உள்ளே அனுப்பிவிட்டு அவர் வெளியே ஒரு மர நிழலில் அமர்ந்தார்.

கைவேலைச் சோதனையில் நான் சரியாகச் செய்யவில்லை. கொடுத்த பொருள்களைக் கொண்டு குறித்த நேரத்துக்குள் ஒன்றைச் செய்து முடிக்க வேண்டும். பட்டறையில் மண் காயும்வரை காத்திருந்து பழகியவன் நான். மணி அடித்தபோது பாதி வேலை மேசையில் கிடந்தது. நேர்முகம் பரவாயில்லை. என் ஆங்கிலம் தடுக்கி விழும்போதெல்லாம் பொறுமையாகக் காத்திருந்தார்கள். விளக்கைத் திருகி நிறுத்தச் சொன்னார்கள்; நிறுத்தினேன். குழுவில் ஒருவர் பதினோராம் பக்கத்தை முழுக்கப் படித்துவிட்டு, இவ்வளவு பேர் செய்திருக்கிறார்களே, நீ என்ன செய்தாய் என்று கேட்டார். நண்பன் எச்சரித்த அதே கேள்வி! "கிண்ணத்துக்குள் அடங்க வேண்டும் என்று நினைத்தேன். பிறகு கழுத்தைத் தப்பாக வரைந்தேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, ஒடிந்த கழுத்தைக் கையில் எடுத்து ஒடிந்த இடத்தையே வெகுநேரம் பார்த்தார்.

வெளியே வந்ததும் அப்பா கேட்டது, "விளக்கு ஆடாம நின்னுச்சா?" என்று மட்டும்தான்.

தேர்வுப் பட்டியலில் என் பெயர் இல்லை. மற்றொரு கல்லூரியில் இடம் கிடைத்தது. ஆனால் அங்கே கட்டணம் எங்கள் வீட்டுக்கு எட்டாத உயரம். அன்று அழுதேன் என்று எழுதினால் கட்டுரைக்கு நன்றாக இருக்கும். அழவில்லை. ஒரு மாதம் கோப்பைத் திறக்காமல் இருந்தேன். பிறகு இங்கேயே முதுகலையில் சேர்ந்துவிட்டேன்.

கோப்பு இப்போது வீட்டில் இல்லை. சென்ற தைமாதம் அப்பா அதைப் பட்டறைக்கு எடுத்துப் போனார். திருச்சியிலிருந்து வந்த வியாபாரி ஒருவரிடம் அந்தச் சிறு விளக்கைப்பற்றி வாயால் சொல்லிப் புரியவில்லையாம். பதினோராம் பக்கத்தைத் திறந்து காட்டியிருக்கிறார். அவர் பத்து விளக்குக்குச் சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து கோப்பு முதலாளியின் கணக்குப் புத்தகங்களோடு அலமாரியில் இருக்கிறது. நெகிழித் தாளையும் மீறி அந்தப் பக்கத்தில் மண்ணும் எண்ணெயுமாகக் கைரேகைகள். இவ்வாண்டு உதவித்தொகைப் படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் "குத்துவிளக்கு வார்ப்பவர்" என்று எழுதப் பார்த்தேன். கணினி ஏற்கவில்லை; கொடுத்திருக்கும் பட்டியலிலிருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். "மற்றவை" என்பதை அழுத்தினேன்.

இவ்வாண்டும் அகமதாபாத்துக்கு விண்ணப்பித்திருக்கிறேன். கோப்பைத் திரும்பக் கேட்டபோது அப்பா, "அந்தப் பக்கத்தை மட்டும் புதுசா அச்சடிச்சிடு" என்றார். அழுக்காகிவிட்டது என்பதற்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன். காரணம் அதுவன்று. அரைப் பக்கக் குறிப்பைத் தங்கையைக் கொண்டு மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம். தாத்தாவின் இனிஷியலைத் தவறாகப் போட்டிருக்கிறேன்.